கொழும்பு – குவாங்சோ: நாலாயிரம் கிலோமீற்றர் எத்தனை மணித்தியாலம்?

மருதமுனையில் இருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். கைத்தறிச் சாரன், படுக்கை விரிப்பு வியாபாரம். முதன் முதலாகக் குவாங்சோ கண்காட்சிக்குப் போகப் போகிறார். மூன்றாம் கட்டத்தில்தான் துணிமணி, உடுப்பு, வீட்டுத் துணி வகைகள் எல்லாம் வரும் என்று விசாரித்து வைத்திருக்கிறார். அதுவரை நல்லது. பிறகு அவர் சொன்ன கணக்குத்தான் என்னைத் திடுக்கிட வைத்தது.

"காக்கா, தூரம் பார்த்தேன். நாலாயிரம் கிலோமீற்றர்தான். விமானம் மணிக்கு 850 போகுதாம். நாலு மணி நாற்பது நிமிசம். மே 4ஆம் திகதி பகல் ஒரு மணிக்கு ஏறினா 5.40க்கு இறங்கிருவேன். அன்றைக்கே ஒருக்கா மண்டபத்தை எட்டிப் பார்த்துட்டு, 5ஆம் திகதி முழுக்க ஓடர் போட்டுட்டு இரவே திரும்பிரலாம்."

தூரத்தில் அவர் பிழை விடவில்லை. வகுத்தலிலும் பிழை விடவில்லை. ஆனாலும் அந்தத் திட்டத்தின்படி போனால் அவர் கண்காட்சியைப் பார்க்கக் கிடைப்பது ஒரே ஒரு நாள். அதுவும் பாதிக் கடைக்காரர்கள் மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டிருக்கும் கடைசி நாள். இப்படிக் கணக்குப் போட்டவர் அவர் மட்டுமல்ல. நானும் ஒரு காலத்தில் போட்டு, நல்ல விலை கொடுத்திருக்கிறேன். ஆகவே இந்த வாரம் இந்தத் தூரத்தையும் நேரத்தையும் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். டுபாய், சிங்கப்பூர், சென்னை என்று போய் வருகின்றவர்களுக்கும் இதே கணக்குத்தான். எண்கள் மட்டும் மாறும்.

முதலில் தூரம். கட்டுநாயக்கவில் இருந்து குவாங்சோவின் பையுன் விமான நிலையம் வரை உருண்டைப் பூமியின் மேல் நூல் பிடித்து அளந்தால் ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். மைலில் சொன்னால் 2,480. விமானிகளும் கப்பல்காரர்களும் பாவிக்கும் கடல்மைலில் சொன்னால் சுமார் 2,160. ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். இந்த மூன்று எண்களையும் கலந்து குழம்புகிறவர்கள் பலர். கப்பல் முகவர் "மூவாயிரம் மைல்" என்று சொன்னால் அது தரை மைல் அல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். ஒத்துப் பார்ப்பதற்காக மற்றத் தூரங்களையும் சொல்லி விடுகிறேன்: கொழும்பில் இருந்து டுபாய் சுமார் 3,290 கிலோமீற்றர், சிங்கப்பூர் 2,750, பேங்கொக் 2,390, சென்னை 650க்குச் சற்றுக் குறைவு.

உலகப் படத்தை மேசையில் விரித்து அடிமட்டம் வைத்து அளந்தால் இந்தத் தூரம் சரியாக வராது. தட்டையான படத்தில் நேர்கோடு என்பது உருண்டையில் நேர்கோடு அல்ல. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் குவாங்சோ போகும் பாதையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வடக்கே போகப் போகத்தான் கூடும். கொழும்பு – குவாங்சோ நூல் வங்காள விரிகுடாவைக் கடந்து, மியன்மாரின் தென் பகுதியில் யங்கோனுக்குக் கிட்டவாக ஏறி, தாய்லாந்தின் வடக்கு, லாவோஸ், வட வியட்நாம் என்று போய்ச் சீனாவுக்குள் நுழைகிறது.

ஆனால் எந்த விமானமும் அந்த நூலின் மேல் ஓடுவதில்லை. வானத்திலும் வீதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டின் கட்டுப்பாட்டு நிலையமும் காட்டும் பாதையில், காட்டும் உயரத்தில்தான் போக வேண்டும். இறங்கும் இடத்தில் ஓடுபாதை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். இடி மழை மேகம் வந்தால் விலக வேண்டும். ஆகவே 4,000 என்பது இதற்குக் குறைய முடியாது என்ற எண். அவ்வளவுதான்.

அடுத்தது வேகம். 850 என்பது பொய் அல்ல. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது இன்றைய பயணிகள் விமானங்கள் மணிக்கு 830க்கும் 900க்கும் இடையில் போகின்றன. ஆனால் கதவு மூடியதில் இருந்து அந்த வேகத்துக்கு வரும்வரை என்ன நடக்கிறது? பின்னால் தள்ள வேண்டும், ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்கும் விமானம் எழும்பும் வரை காத்திருக்க வேண்டும், பிறகு அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட மேலே ஏறிக் கொண்டே இருக்க வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. பையுன் மாதிரி நெரிசலான விமான நிலையத்தில் இறங்கிய பிறகும் வாசலுக்குப் போக நீண்ட நேரம் உருளும்.

விமானக் கம்பனிகள் நேர அட்டவணையில் போடுவது பறக்கும் நேரத்தை அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கும் நேரத்தில் இருந்து மறுபக்கம் கட்டை வைக்கும் நேரம் வரை உள்ள முழு நேரத்தை. அதிலும் தாமதத்துக்கென்று கொஞ்சம் மேலதிகமாகவே போட்டு வைப்பார்கள். அதனால்தான் சில நாட்களில் விமானம் பிந்திப் புறப்பட்டும் சொன்ன நேரத்துக்கு இறங்கி, எல்லோரும் விமானியைப் புகழ்கிறோம். இப்படிப் பார்த்தால் கொழும்பில் இருந்து நேராகக் குவாங்சோ போக ஐந்தேகால் முதல் ஐந்தரை மணித்தியாலம் என்று வைத்துக் கொள்ளலாம். தம்பியின் கணக்கில் முக்கால் மணித்தியாலம் இங்கேயே போய் விட்டது.

திரும்பி வரும்போது என்ன? அதே தூரம்தான். ஆனால் பெரும்பாலான மாதங்களில் நேரம் கூட எடுக்கும். காரணம் காற்று. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக ஓடும் பலத்த காற்று மாரி காலத்தில் இந்தப் பாதையின் வடக்குப் பகுதிக்கு மேலே வருகிறது. போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். ஒரு கணக்கு: பாதை முழுக்கச் சராசரியாக மணிக்கு 50 கிலோமீற்றர் காற்று என்று வைத்துக் கொள்ளுங்கள். போகும்போது 900 வேகம், நாலு மணி 27 நிமிடம். வரும்போது 800 வேகம், சரியாக ஐந்து மணித்தியாலம். 33 நிமிடம் வித்தியாசம். கொழும்பு – லண்டன் பாதையில் வருவதை விடப் போவதற்கு நேரம் கூட எடுப்பதும் இதனால்தான். டுபாய்க்கும் அப்படித்தான். மேற்கே போகும்போது சற்றுக் கூட, வீட்டுக்கு வரும்போது சற்றுக் குறைவு.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தென்மேல் பருவக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கீழே காற்று மேற்கில் இருந்து வர, தென்னிந்தியாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில் கிழக்கில் இருந்து மேற்காகக் காற்று ஓடுகிறது. ஆகவே அந்தக் காலத்தில் சீனா போகும் பாதையின் முதல் பாதியில் எதிர்க்காற்று. போவதற்கும் வருவதற்கும் உள்ள வித்தியாசம் சுருங்கி விடும்.

இனி வருவதுதான் வியாபாரிகள் அதிகமாக அடிபடும் இடம். கடிகாரம்.

பயணச் சீட்டில் அச்சிடும் நேரம் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் கொழும்பு நேரம், இறங்கும் நேரம் குவாங்சோ நேரம். இரண்டுக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம், அவர்கள் எங்களை விட முந்தி. தம்பியின் விமானத்தையே எடுத்துக் கொள்வோம். பகல் 1 மணிக்குப் புறப்பட்டு, ஐந்து மணி 20 நிமிடம் பறந்தால் எங்கள் நேரம் மாலை 6.20. அங்கே அப்போது இரவு 8.50. கண்காட்சி மண்டபம் மாலை 6 மணிக்கு மூடி விடும். சீட்டை மட்டும் பார்த்தால் 1 மணிக்கு ஏறி 8.50க்கு இறங்குவதால் பயணம் ஏழு மணி 50 நிமிடம் போலத் தெரியும். திரும்பும்போது அங்கே பிற்பகல் 3 மணிக்கு ஏறி ஐந்து மணி 50 நிமிடம் பறந்தாலும், கட்டுநாயக்கவில் மணி 6.20தான். சீட்டில் பார்த்தால் மூன்று மணி 20 நிமிடப் பயணம்! "போக எட்டு மணித்தியாலம், வர மூன்று மணித்தியாலம்" என்று புறக்கோட்டையில் ஒருவர் சத்தியம் பண்ணாத குறையாக என்னிடம் வாதாடி இருக்கிறார். அவர் சீட்டை வாசித்தார், கடிகாரத்தை வாசிக்கவில்லை.

சீனா கிழக்கில் இருந்து மேற்கு வரை அவ்வளவு பெரிய நாடாக இருந்தும் நாடு முழுவதற்கும் ஒரே நேரம். அதனால் குவாங்சோவில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பன்னிரண்டரை மணியளவில். லுஹர் நேரத்தைக் கொழும்புக் கணக்கில் எதிர்பார்த்துக் கொண்டு சந்திப்புகளை வைத்தால் தடுமாற வேண்டி வரும். சூரியனைக் கொண்டு மட்டும் அளந்தால் எங்கள் இரண்டு ஊர்களுக்கும் இடையில் இரண்டே கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவுதான். மிச்சம் அரசாங்கங்கள் போட்ட கணக்கு.

அரசாங்கம் போட்ட கணக்கு என்றதும் என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் நாட்டின் நேரம் 1996 வரை இப்போது உள்ளது போல ஐந்தரை மணித்தியாலக் கணக்கில் இருந்தது. அந்த ஆண்டு மின்சார நெருக்கடி வந்தபோது மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். அது கூடிப் போய் விட்டதென்று ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் இழுத்தார்கள். ஆறு மணித்தியாலக் கணக்கிலேயே பத்து வருடம் ஓடியது. அந்தக் காலம் முழுவதும் சீனாவுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் சரியாக இரண்டு மணித்தியாலம். பிறகு 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி, புத்தாண்டு முடிந்த கையோடு, நள்ளிரவில் அரை மணித்தியாலத்தைக் குறைத்துப் பழைய நேரத்துக்கே போனோம்.

அதே ஏப்ரல் 15ஆம் திகதிதான் குவாங்சோ கண்காட்சியும் அந்த வருடம் தொடங்கியது. நான் 13ஆம் திகதியே போய் விட்டேன். கட்டுநாயக்கவில் கைக்கடிகாரத்தை இரண்டு மணித்தியாலம் முன்னால் வைத்தேன். தம்பியிடம், அதாவது என் கூடப் பிறந்தவரிடம், "அங்கே ஐந்து மணி என்றால் இங்கே மூன்று மணி, மறந்து விடாதே" என்று சொல்லி விட்டுத்தான் ஏறினேன்.

பொஷானில் சிறுவர் உடுப்புத் தைக்கும் ஒரு தொழிற்சாலை. நோன்புப் பெருநாளுக்கு வேண்டிய பெண் பிள்ளைகள் கவுனும் ஆண் பிள்ளைகள் செட்டும் பேசி முடித்தேன். அந்த வருடம் பெருநாள் ஒக்டோபர் கடைசி வாரத்தில். ஜூன் மாதத் தையலில் எங்களுக்கு இடம் இருக்கிறது, ஆனால் 17ஆம் திகதி திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன்னால் 30 வீத முற்பணம் அனுப்பியதற்கான வங்கிப் பிரதி பெக்ஸில் வர வேண்டும் என்று முகாமையாளர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், எங்களுக்குப் பின்னால் வேறொரு நாட்டு ஆள் காத்திருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் தலையாட்டினேன். எங்கள் வங்கியில் திங்கள் காலையிலேயே டீ.டீ. போட்டால் பகலில் பிரதி கையில் கிடைத்து விடும். மூன்று மணி வரை நேரம் இருக்கிறதே.

விடுமுறைக்குப் பின் முதல் நாள். வங்கியில் கூட்டம். தம்பி அவசரப்படவில்லை, மூன்று மணி என்று நான்தானே சொன்னேன். பிரதியை வாங்கிக் கடைக்கு வந்து 2.45க்கு பெக்ஸ் அடித்தார். கால் மணித்தியாலம் முந்தி அனுப்பி விட்டோம் என்ற திருப்தியோடு தேநீர் குடிக்கப் போனாராம். தொழிற்சாலை அலுவலகத்தில் அந்தத் தாள் வந்து விழும்போது மணி 5.15. நான் அங்கேயே கதிரையில் உட்கார்ந்து கொண்டு, ஐந்து மணி அடிப்பதைப் பார்த்து, தம்பியை மனதுக்குள் திட்டிக் கொண்டிருந்தேன். ஊரில் கடிகாரம் மாறிய விடயம் எனக்கும் நினைவில்லை, அவருக்கு நினைவிருந்தும் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தை அன்று காலையில்தான் அரை மணித்தியாலம் பின்னால் திருப்பி வைத்திருந்தாராம்!

முகாமையாளர் மரியாதையான மனிதர். 5.05க்கே மற்ற ஆளுக்கு ஜூன் இடத்தைக் கொடுத்து விட்டதாகச் சொல்லி, ஆகஸ்ட் கடைசியில் அடுத்த இடம் தந்தார். செப்டெம்பர் நடுவில் தையல் முடிந்து, கப்பலில் இடம் பிடித்து, கொன்டெய்னர் கொழும்பில் இறங்கி, சுங்கத்தில் இருந்து எடுத்துக் கடையில் உடைக்கும்போது நோன்பு 25. மெயின் வீதியில் அதற்குள் எல்லோரும் வாங்கி முடித்து விட்டார்கள். வெளியூர்க் கடைக்காரர்கள் நோன்பு தொடங்குவதற்கு முன்பே மொத்தமாக எடுத்துச் சென்று விட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு விற்றது. மிச்சத்தை ஹஜ்ஜுப் பெருநாள் வரை வைத்திருந்து, பாதி விலைக்குத் தள்ளினோம். தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிச் சில வாரங்கள் நேராகப் பேசிக் கொள்ளவில்லை. வாப்பாதான் நடுவில் இருந்து, "ரெண்டு பேருக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியல்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த நாளில் இருந்து எங்கள் கடையில் இரண்டு கடிகாரம் தொங்குகிறது. கைத்தொலைபேசி தானாக நேரம் மாற்றிக் கொள்ளும் இந்தக் காலத்திலும் அதை நான் கழற்றவில்லை. விலைப் பட்டியலிலோ ஒப்பந்தத்திலோ கடைசி நேரம் எழுதும்போது "சீன நேரம்" என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுவேன். திகதியையும் கவனிக்க வேண்டும். நள்ளிரவு 12.30 விமானம் என்றால் முதல் நாள் இரவே கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். 5ஆம் திகதி 00.30 என்று சீட்டில் இருக்க, 5ஆம் திகதி இரவு பெட்டியோடு வந்து நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி, நேரடி விமானம் கிடைக்காத நாட்களில் அல்லது விலை கூடிய நாட்களில் வேறு ஊரில் இறங்கி மாறிப் போவது. இதில் எந்த ஊர் என்பதைப் பொறுத்துத் தூரம் பெரிதும் மாறும். பேங்கொக் அந்த நூலின் மேலேயே இருப்பது போலத்தான். கொழும்பு – பேங்கொக் 2,390, பேங்கொக் – குவாங்சோ சுமார் 1,700. மொத்தம் 4,100க்குள் அடங்கி விடும். நூறு கிலோமீற்றர்தான் கூட. கோலாலம்பூர் வழியாகப் போனால் 5,100க்குக் கிட்ட. சிங்கப்பூர் வழியாக 5,400. அதாவது 1,400 கிலோமீற்றர் சுற்று, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூடுதலான பறப்பு.

ஆனால் தூரம் குறைந்த வழிதான் நேரம் குறைந்த வழி என்று நினைக்கக் கூடாது. பேங்கொக்கில் ஒன்பது மணித்தியாலம் காத்திருப்பதை விடச் சிங்கப்பூரில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பது முந்தும். மாறும் விமானம் இரண்டையும் ஒரே சீட்டில் எடுத்திருந்தால் முதல் விமானம் பிந்தினாலும் அடுத்ததில் ஏற்றி விடும் பொறுப்பு கம்பனியைச் சேர்ந்தது. மலிவென்று இரண்டு தனிச் சீட்டு எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். பெட்டியையும் நடுவில் எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டி வரலாம், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். அப்படி எடுப்பதானால் நடுவில் நாலைந்து மணித்தியாலமாவது வைத்துக் கொள்ளுங்கள்.

ஹொங்கொங் வழியாகப் போகின்றவர்களும் உண்டு. 2018 செப்டெம்பரில் இருந்து அதிவேக ரயில் ஹொங்கொங்கில் இருந்து குவாங்சோ தெற்கு நிலையத்துக்கு ஒரு மணித்தியால அளவில் கொண்டு போய் விடுகிறது. ஆனால் ஹொங்கொங்குக்குத் தனி விசா. இன்னொன்று: சீனாவுக்குள் நுழைந்த பிறகு மாதிரி பார்க்க ஹொங்கொங் போய்த் திரும்புவதானால், ஒரு முறை நுழையும் விசா அத்தோடு முடிந்து விடும். திரும்ப உள்ளே விட மாட்டார்கள். இரண்டு முறை நுழைவதற்கான விசா எடுத்திருக்க வேண்டும்.

விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை விட்டு விட்டு, வாசலில் இருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். புறக்கோட்டையில் இருந்து கட்டுநாயக்க முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. 2013 ஒக்டோபரில் அதிவேக வீதி திறப்பதற்கு முன்பு பேலியகொடையிலும் வத்தளையிலும் அரைப் பொழுது போகும். இப்போது மணித்தியாலத்துக்குள் போகலாம், ஆனால் மாலை நேரத்தில் அந்த வீதிக்கு ஏறுவதற்கே அரை மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும். விமானத்தில் ஐந்து மணி 20 நிமிடம். பையுனில் குடிவரவு, கைரேகை, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 28 கிலோமீற்றர். 2010இல் இருந்து நிலக்கீழ் ரயிலின் மூன்றாம் பாதை அங்கே வருகிறது, ஆனால் பெட்டியோடும் இரவிலும் ரயில் மாறி ஹோட்டலுக்குப் போய்ச் சேர ஒன்றே கால் மணித்தியாலம் வைத்துக் கொள்வோம். கூட்டினால் பதினொன்றரை மணித்தியாலம். நாலாயிரம் கிலோமீற்றரை இதனால் வகுத்தால் மணிக்கு 350 கூட வராது. மருதமுனைத் தம்பிக்கு இதோடு இன்னும் எட்டு ஒன்பது மணித்தியாலம் கல்முனை பஸ்ஸையும் கூட்ட வேண்டும். அவருக்குக் குவாங்சோவுக்குப் பறப்பதை விடக் கொழும்புக்கு வருவதுதான் நீண்ட பயணம்.

ஆள் போவது இப்படி. சரக்கு வருவது வேறு கதை. கடலில் குவாங்சோப் பக்கத்துத் துறைமுகங்களில் இருந்து சிங்கப்பூர், மலாக்கா நீரிணை வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 3,000 கடல்மைல். கிலோமீற்றரில் 5,500க்கு மேல். மணிக்கு 16 கடல்மைல் ஓடும் கப்பல் நேரே வந்தால் எட்டு நாள். இதைக் கேட்டு விட்டு எட்டு நாளில் சரக்கு வரும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்து விடாதீர்கள். தொழிற்சாலையில் இருந்து துறைமுகம், கப்பலில் இடம் கிடைக்கும் வரை காத்திருப்பு, வழியில் மற்றத் துறைமுகங்கள், சில வேளை சிங்கப்பூரில் கப்பல் மாற்றம், பிறகு இங்கே சுங்கம். கடைக்கு வர நான் ஒரு மாதம் கணக்கு வைப்பேன். பங்குக் கொன்டெய்னர் என்றால் அதற்கும் கூட. சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடும் வாரங்களும் ஒக்டோபர் முதல் வார விடுமுறையும் இடையில் வந்தால் அந்தக் கணக்கும் நிற்காது.

அவசரத்துக்கு விமானத்தில் போடுகின்றவர்கள் நிறையை மட்டும் பார்க்கக் கூடாது. 60 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 40 உயரமுள்ள ஒரு பெட்டியில் பஞ்சுப் பொம்மை 12 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் 20. உங்களிடம் 20 கிலோவுக்குத்தான் காசு எடுப்பார்கள். கூரியர்காரர்கள் 5,000ஆல் வகுப்பார்கள். அப்போது 24 கிலோ. பொஷான் உடுப்பு பிந்தியபோது விமானத்தில் எடுத்தால் என்ன என்று தம்பி இதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். கவுன் ஒன்றின் இலாபத்தை விடக் கூலி கூடியதாக வந்தது. தாளைக் கசக்கிப் போட்டு விட்டார்.

இந்தக் கடல் பாதை நாங்கள் கண்டு பிடித்ததல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹியன் என்ற சீனத் துறவி எங்கள் தீவில் இருந்து கப்பலேறி, நடுவில் ஜாவாவில் மாதக் கணக்கில் தங்கி, அங்கிருந்து குவாங்சோவுக்குப் போகும் வியாபாரிகளின் கப்பலில் ஏறினார். ஐம்பது நாள் உணவு எடுத்துக் கொண்டு புறப்பட்ட கப்பல் புயலில் திசை மாறி, குவாங்சோவைத் தவற விட்டு, வெகு வடக்கே ஷான்டொங் கரையில் போய் ஒதுங்கியது. ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு வியாபாரிகள் குவாங்சோவை 'கான்பு' என்று அழைத்தார்கள். மஸ்கட்டில் இருந்து மலபார்க் கரையில் உள்ள கொல்லத்துக்கு நல்ல காற்றில் ஒரு மாதம் என்று அவர்களுடைய காலத்து ஏடு சொல்கிறது. கவனியுங்கள், அவர்கள் தூரத்தை மைலில் எழுதவில்லை. நாளிலும் மாதத்திலும் எழுதினார்கள். குவாங்சோவின் பழைய ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் மினாராவை ஊர் மக்கள் ஒளிக் கோபுரம் என்கிறார்கள். ஆற்றில் வரும் கப்பல்களுக்கு அதில் விளக்கு வைத்ததாகச் சொல்லுவார்கள். போகின்றவர்கள் ஒரு வக்து அங்கே தொழுது விட்டு வாருங்கள்.

மருதமுனைத் தம்பிக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "சீட்டு எடுத்து விட்டீர்களா?" என்று கேட்டேன். இன்னும் காசு கட்டவில்லை, முகவர் பதிந்து மட்டும் வைத்திருக்கிறார் என்றார். மூன்றாம் கட்டம் மே 1ஆம் திகதி தொடங்குகிறது. ஏப்ரல் 30ஆம் திகதி போய் இறங்கி, இரவு தூங்கி எழும்பி, 1ஆம் திகதி காலை ஒன்பதரை மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே நிற்கச் சொன்னேன். 29ஆம் திகதி இரவு பஸ்ஸை நம்பி 30ஆம் திகதி பகல் விமானத்துக்கு வர வேண்டாம், ஒரு நாள் முந்தி வந்து கொழும்பில் தங்குங்கள் என்றும் சொன்னேன்.

"அப்ப காக்கா, ரெண்டு நாளில முடியிற பயணம் ஆறு நாளாப் போச்சே" என்றார்.

"ரெண்டு நாளில முடியிறதா யார் தம்பி சொன்னது?" என்றேன். சிரித்து விட்டு முகவருக்கு எடுக்கப் போனார்.